குளிர்காப்பியும் உப்புப் பிஸ்கோத்தும்

நம் மன்றத்து மலரில் காப்பியம் பற்றி எழுதுவோர் பலர். காப்பி பற்றி எழுதுவோர் இலர். அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை. இதைப் படிக்குமுன்பே சிலர் நகைப்பர் என்பதை அறிவேன். நகைப்பவர்களும் நான்கு மணி அடித்ததும் எங்கே போகிறார்கள் என்பதையும் அறிவேன்.

சில ஆண்டுகளாக நம் திருவனந்தபுரத்தில் ஒரு புதுப் பழக்கம் வேர்விட்டிருக்கிறது. மாசி பிறந்து வெயில் ஏறியதும், வீட்டிலேயே காப்பி இறக்கி, ஆறவைத்து, ஐஸ் இட்டுக் குடிப்பது. அதனுடன் அப்போதுதான் சுட்டெடுத்த பிஸ்கோத்தைத் தட்டில் அடுக்கி வைப்பது. கவடியாரில் மட்டும் உள்ள பெரிய வீட்டுப் பழக்கமாக இது நின்றுவிடவில்லை. கரமனையிலும் சாலையிலும் உள்ள தமிழர் வீடுகளுக்கும், காரியவட்டத்தைச் சுற்றி அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்களிடமும் வந்துவிட்டது. இதைச் சிலர் அயல்நாட்டு ஆடம்பரம் என்று பழிக்கின்றனர். சிலர் கண்ணை மூடிக்கொண்டு போற்றுகின்றனர். இரு சாராரோடும் எனக்கு வழக்கு உண்டு.

முதலில் பழிப்போரைப் பார்ப்போம். அயல்நாட்டது என்கிறார்கள். காப்பியே அயல்நாட்டதுதானே? பாபா புதன் என்னும் பெரியார் அரபு நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்று கூறுவர். அது வழிவழியாக வந்த செய்தி. ஆனால் தமிழர் வீட்டில் காப்பி குடிபுகுந்த கதை மிக அண்மையது. ஆ. இரா. வேங்கடாசலபதி அதைப் பற்றி எழுதிய நூலுக்கு வைத்த பெயரே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்பதுதான். பழையசோறும் நீராகாரமும் இருந்த இடத்தில் காப்பி வந்து உட்கார்ந்தபோது அன்றைய பெரியவர்களும் இப்படித்தான் புலம்பினார்கள். இன்று காப்பி இல்லாத வீட்டைத் தமிழர் வீடு என்று ஒப்புக்கொள்ள அதே பெரியவர்களின் பேரர்கள் தயங்குகின்றனர்.

பெயர் பற்றியும் ஒரு சொல். நம் மன்றத்தில் தனித்தமிழ் அன்பர்கள் காப்பியைக் குளம்பி என்பர்; பிஸ்கோத்தை ஈரட்டி என்பர். ஈரட்டி நல்ல சொல். இருமுறை அடப்பட்டது என்பது அதன் பொருள். இலத்தீனிலும் பிஸ்கோத்து என்ற சொல்லுக்கு இருமுறை சுட்டது என்பதே பொருள். ஆனால் இன்று கடையில் பிஸ்கோத்து என விற்பதை ஒருமுறைதான் சுடுகிறார்கள். இருமுறை சுடுவது ரஸ்க்கைத்தான். ஆகவே ரஸ்க்கையே ஈரட்டி என்று அழைப்போமாக! நான் இக்கட்டுரையில் காப்பி, பிஸ்கோத்து என்றே எழுதுகிறேன். என் அம்மை அப்படித்தான் சொல்லுவாள்.

இளைஞர்கள் வாயில் இப்போது குக்கி என்ற சொல் புரள்கிறது. அதுவும் நமக்கு அவ்வளவு அயலானதன்று. சிறு அப்பம் என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. அதே டச்சுச் சொல் இலங்கைக்கும் வந்து கொக்கிஸ் ஆயிற்று. கொக்கிஸ் என்பது வேறொன்றுமில்லை; அரிசி மாவையும் தேங்காய்ப் பாலையும் கலந்து, பூ அச்சை முக்கி, எண்ணெயில் பொரிக்கும் பண்டம். நாகர்கோவிலில் அதை அச்சுமுறுக்கு என்போம். இங்கே அச்சப்பம் என்பர். 1741 இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மர் டச்சுக்காரரைத் தோற்கடித்தார். படை தோற்றுப் போனது, பண்டம் தோற்கவில்லை.

பிஸ்கோத்துக்கு மலையாள நாட்டில் நூற்றாண்டு கடந்த வரலாறும் உண்டு. தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு என்பவர் பர்மாவில் தொழில் கற்றுவந்து 1880 இல் ராயல் பிஸ்கட் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1883 இல் மர்டாக் பிரவுன் என்னும் தோட்டத் துரை கேட்டதற்கிணங்க அவர் செய்துகொடுத்த கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றியே எல்லாரும் பேசுகின்றனர். ஆனால் அவர் கேக்குக்கு முன்பே பிஸ்கோத்துச் சுட்டவர் என்பதைக் கருத வேண்டும். அவர் வழி வந்த குடும்பத்தார் கேரளத்துப் பல ஊர்களிலும் ரொட்டிக் கடைகள் வைத்தனர். இன்று நம் நகரில் தெருவுக்கொரு ரொட்டிக் கடை இருப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

ஐஸும் அப்படியே. குளிர்பெட்டி வருமுன்பே சென்னைக்கு ஐஸ் வந்தது. பிரெடரிக் டியூடர் என்னும் அமெரிக்க வணிகர் குளிர்காலத்தில் ஏரிநீர் உறைந்ததும் அதைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி அனுப்பினார். 1833 இல் கல்கத்தாவுக்கு முதற்சரக்கு இறங்கியது. சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அன்று அதை வாங்கிக் குடித்தவர்கள் வெள்ளையர்களும் செல்வர்களுமே. இன்று நம் அறையில் ஒரு தட்டு நீரை உறையவைத்துக்கொள்கிறோம். ஒருகாலத்தில் ஒருசிலருக்கு மட்டும் கிடைத்தது எல்லாருக்கும் கிடைப்பதை ஆடம்பரம் என்று சொல்வது என்ன நியாயம்?

பழிப்போரை இத்தோடு விடுவோம். போற்றுவோரிடம் பேச வேண்டியதுதான் அதிகம். அவர்கள் நல்லதொரு பொருளைக் கெடுத்துக் குடிக்கிறார்கள்.

பலர் செய்வதைப் பாருங்கள். கொதிக்கும் டிக்காஷனை ஐஸ் நிறைந்த குவளையில் அப்படியே ஊற்றுகிறார்கள். நீர்த்துப் போகிறது என்று பிறகு வருந்துகிறார்கள். பள்ளியில் படித்த கணக்கை நினைவுகூர்ந்தால் வருத்தம் வராது. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகிய நீர் 5 பாகை வரை ஏற இன்னும் 5 கலோரி. 80 பாகைச் சூட்டிலுள்ள 100 கிராம் டிக்காஷனை 5 பாகைக்கு இறக்க 7500 கலோரி நீக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள்: 88 கிராம் ஐஸ் உருகிவிடும். அதாவது காப்பியின் அளவுக்கு ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் சேர்த்துக் குடிக்கிறீர்கள். அதையே அறையின் சூட்டுக்கு, 30 பாகைக்கு, ஆறவிட்டுப் பின் ஐஸ் இட்டால் 30 கிராம் போதும். பொறுமைக்கு இவ்வளவு விலை உண்டு!

ஆகவே காலையிலேயே டிக்காஷனை இறக்கிவிட வேண்டும். வழக்கத்தைவிடப் பொடி கூடுதலாக இட்டு, நீர் குறைவாக ஊற்றி, திக்காக இறக்க வேண்டும். சர்க்கரையைச் சூட்டோடு கரைத்துவிட வேண்டும். குளிர்ந்தபின் போட்டால் அடியில் மணலாகக் கிடக்கும். மிஞ்சிய டிக்காஷன் கொஞ்சம் இருந்தால் அதையே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைக்கலாம். அந்தக் கட்டி உருகினாலும் காப்பிதானே சேரும்! ஐஸுக்குக் கொதித்து ஆறிய நீரே வேண்டும். மீன் பெட்டிக்கென்று செய்த பாளம் எங்கெங்கோ போய்ச் சேருவதை நாம் அறியாதவர்களல்லோம். வீட்டுக் குளிர்காப்பிக்கு நான் முதலிடம் கொடுப்பது சுவைக்காக மட்டுமன்று, அந்த நீருக்காகவும்தான்.

பொடி பற்றிப் பெரிய சண்டை வேண்டாம். சாலைக் கடைத்தெருவில் கண்முன் அரைத்துத் தருவார்கள். சிக்கரி சேர்ந்த பொடியில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அந்த எல்லையைத் தொட்டு நிற்கும் பொடியை வாங்காமல் இருந்தால் போதும். வயநாட்டு ரொபஸ்டாவுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏற்காட்டிலும் பழனி மலையிலும் விளையும் அராபிகாவைவிட அதில் கசப்பு கூடுதல், உடம்பும் கூடுதல். பாலும் ஐஸும் சேர்ந்தபின்னும் காப்பி காப்பியாகவே நிற்க அந்தக் கசப்பு வேண்டும் என்பது என் எண்ணம். அராபிகாவின் நறுமணம் குளிரில் ஒடுங்கிவிடுகிறது.

இனிப் பிஸ்கோத்துக்கு வருவோம். இங்கேதான் நம் நண்பர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள்.

காப்பிக்கொட்டை வறுபடும்போதும் பிஸ்கோத்து வேகும்போதும் நடப்பது பெரும்பாலும் ஒரே வேதிவினை. சர்க்கரையும் புரதமும் சூட்டில் கூடிப் பழுப்பு நிறமும் மணமும் தருகின்றன. 1912 இல் மாய்யார் என்னும் பிரெஞ்சு அறிஞர் அதைப் பற்றி எழுதினார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. காப்பிக்கும் பிஸ்கோத்துக்கும் பொருத்தம் வந்தது இந்த உறவினால்தான். சூடான காப்பிக்கு எந்தப் பிஸ்கோத்தும் பொருந்தும். ஆனால் காப்பி குளிர்ந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது.

டிசம்பர் மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் எண்ணெய் வராத துன்பம் நம் விடுதி மாணவர்களுக்குத் தெரியும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். வெண்ணெயும் நெய்யும் நம் வாயின் சூட்டில் உருகுபவை. சூடு குறைந்தால் இறுகிவிடுபவை. இப்போது எண்ணிப் பாருங்கள். வெண்ணெய் சொட்டும் பிஸ்கோத்தைக் கடித்து, அது நாவில் உருகும் நேரத்தில் 5 பாகைக் காப்பியை ஊற்றினால் என்ன ஆகும்? வெண்ணெய் நாவின்மேல் மெழுகாகப் படியும். அடுத்த மிடறு காப்பி அந்த மெழுகின்மேல் ஓடுமே தவிர நாவைத் தொடாது. நெய் பிஸ்கோத்து, தேங்காய்ப் பிஸ்கோத்து, சாக்கலேட் துண்டு பதித்த குக்கி எல்லாவற்றுக்கும் இதே கதி. இத்தனை செலவழித்து எதற்குச் சுவையற்றுக் குடிப்பது?

குளிரில் இனிப்பும் மங்கும். நாவில் இனிப்பை உணர்த்தும் அமைப்பு சூட்டில் வேகமாகவும் குளிரில் சோம்பலாகவும் இயங்குகிறது என்று 2005 இல் ஆய்வாளர் காட்டினர். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவது இதனால்தான். காப்பியில் இனிப்பு தெரியவில்லை என்று மேலும் சர்க்கரை இடுகிறார்கள். பக்கத்தில் இனிப்புப் பிஸ்கோத்தும் வைக்கிறார்கள். முடிவில் வயிற்றில் சர்க்கரை நிறைகிறது. நாவில் ஒன்றும் நிறையவில்லை.

உப்புப் பிஸ்கோத்தை எடுங்கள். உப்பு கசப்பை அடக்கும். 1997 இல் நேச்சர் இதழில் இதை ஆய்வாகவே வெளியிட்டார்கள்; ஆனால் நெல்லிக்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்ற நம் பாட்டிமார் எந்த இதழையும் படித்ததில்லை. உப்புப் பிஸ்கோத்தை ஒரு கடி கடித்து, நன்றாக மென்று விழுங்கி, பிறகு ஒரு மிடறு குளிர்காப்பி. கசப்பு பின்வாங்கும், மங்கிய இனிப்பு தலைதூக்கும். சர்க்கரையை ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளவும் முடியும். திருவனந்தபுரத்து ரொட்டிக் கடைகளில் சீரகமோ ஓமமோ இட்ட உப்புப் பிஸ்கோத்து மிக எளிய பண்டம். கண்ணாடிப் புட்டியின் அடித்தட்டில் கிடக்கும். குக்கி தேடுவோர் கண்ணில் அது படுவதில்லை.

விருந்தென்றால் இனிப்பும் வேண்டும் என்பீர்களானால், தூத்துக்குடி மக்ரூன் இருக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி; அவ்வளவே. மாவு இல்லை, வெண்ணெய் இல்லை. முந்திரியின் எண்ணெய் வெண்ணெயைப்போல் எளிதில் இறுகாது. குளிர்காப்பியின் பக்கத்தில் வைத்தால் அது நொறுங்கிக் கரைந்து ஒதுங்கிவிடும், நாவை மெழுகாது. இத்தகைய ஒரு பண்டத்தைத் தமிழ்நாட்டுத் துறைமுகம் ஒன்று நமக்குத் தந்திருக்க, நாம் வெளிநாட்டுப் படம் பார்த்துச் சாக்கலேட் துண்டைத் தேடி அலைகிறோம்.

முக்கிச் சாப்பிடுவோருக்கு ஒரு செய்தி. பிஸ்கோத்தை எவ்வளவு நேரம் முக்கலாம் என்று கணக்கிட்ட லென் பிஷர் என்னும் இயற்பியலாருக்கு 1999 இல் இக் நோபல் என்னும் நகைச்சுவைப் பரிசு கொடுத்தார்கள். அவர் கணக்கு சூடான பானத்துக்கு. சூட்டில்தான் சர்க்கரை விரைந்து கரைந்து, மாவு ஊறி, பிஸ்கோத்து மெத்தென்றாகும். குளிர்காப்பியில் முக்கினால் வெளியே சொதசொதப்பும் உள்ளே கடினமும்தான் மிஞ்சும். முக்க வேண்டாம்.

சுட்ட சூட்டோடு தின்ன வேண்டும் என்பதும் தவறான எண்ணமே. அடுப்பிலிருந்து எடுத்த பிஸ்கோத்து மெதுவாக இருக்கும். இருபது நிமிடம் ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். ஆனால் அதிக நேரமும் வைக்க இயலாது. நம் ஊர்க் காற்றில் கடலின் ஈரம் எப்போதும் உண்டு. சர்க்கரை அந்த ஈரத்தை உறிஞ்சும். காலையில் சுட்டதைத் திறந்து வைத்தால் மாலையில் நமுத்துப் போகும். மதுரையில் இரண்டு நாள் தாங்குவது இங்கே ஒரு நாள் தாங்காது. ஆகவே புதிதாகச் சுட்டது என்பது நம் நகரில் வெறும் பெருமைச் சொல்லன்று, தேவை.

அப்படியானால் எங்கே சுடுவது? இங்கேதான் எனக்கு உண்மையான வழக்கு.

வீட்டில் செய்த குளிர்காப்பி, வீட்டில் சுட்ட பிஸ்கோத்து என்று நம் இளைஞர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். செய்தது யார்? என் வீட்டையே சொல்கிறேன். விடுமுறையில் நாகர்கோவிலுக்குப் போனால் மாலை நான்கு மணிக்கு அண்ணன் நண்பர்களை அழைத்து வருவான். "எங்க அம்மை போடும் குளிர்காப்பி எந்தக் கடையிலும் கிடைக்காது" என்று கூடத்தில் உட்கார்ந்து சொல்லுவான். அம்மை சித்திரை வெயிலில், அடுக்களையில், மணல் பரப்பிய பாத்திரத்தைச் சூடேற்றிப் பிஸ்கோத்துச் சுட்டுக்கொண்டிருப்பாள். மத்தியானச் சமையல் முடிந்து அவள் உட்காரும் நேரம் அதுதான். கூடத்தில் விசிறி சுழலும். குளிர்காப்பி அவர்களுக்கு, அனல் அவளுக்கு.

ஒருநாள் நான், "அண்ணே, டிக்காஷன் நீ போடு, பிஸ்கோத்து நான் பாக்கேன், அம்மை இருக்கட்டும்" என்றேன். அண்ணன் சிரித்தான். அம்மையோ, "விடு மக்கா, அவனுக்கு என்னத்த தெரியும்" என்றாள். பொறியியல் படித்தவனுக்கு வடிகட்டியில் வெந்நீர் ஊற்றத் தெரியாதென்பதை நான் எப்படி நம்புவது? தெரியாமையன்று அது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவை வராமை. சமத்துவம் பற்றி நம் மன்ற மேடையில் மணிக்கணக்கில் முழங்கும் நண்பர்கள் தம் வீட்டு வடிகட்டியின் மூடி எங்கே இருக்கிறது என்று சொல்லட்டும், பிறகு கைதட்டுகிறேன்.

ஆகவே என் கருத்து இது. காப்பி வீட்டில்; பிஸ்கோத்து போர்மாவில். போர்மா என்று இங்குள்ளோர் சொல்வது ரொட்டிக் கடையின் பெரிய சூளையடுப்பை. இலங்கைத் தமிழர் போறணை என்பர். நாள் முழுதும் எரிந்துகொண்டிருக்கும் அந்த அடுப்பில் நூறு வீட்டுக்கான பிஸ்கோத்து ஒரே சூட்டில் வெந்துவிடும். அதற்குப் பதில் நூறு வீட்டில் நூறு அடுப்பைப் பற்றவைத்து நூறு பெண்கள் வேகுவது அறிவுடைமையன்று. எந்தத் தெருவில் எந்த நேரத்தில் தட்டு இறங்குகிறது என்பதை அறிந்து, டப்பாவுடன் போய் வாங்கி வரலாம். ஊர் ஊராக வண்டியில் வரும் பொட்டலத்தை விட அது புதியது. தெருவிலுள்ள தொழிலாளிக்கும் கூலி கிடைக்கும். காப்பியை இறக்குவதோ பத்து நிமிட வேலை. அதை ஆண்மக்கள் செய்யட்டும்.

தொழிலாளி என்றதும் தம்பானூர் காப்பி ஹவுஸ் நினைவுக்கு வருகிறது. பேருந்து நிலையத்தின் பக்கத்தில் செங்கல்லால் சுருண்டு ஏறும் அந்தக் கட்டடத்தை லாரி பேக்கர் கட்டினார் என்பதை வெளியூரார் வந்து படம் எடுத்துப் போகிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. 1950களில் காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடி ஊழியர்களை வெளியே அனுப்பியபோது, ஏ. கே. கோபாலன் அவர்களைக் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டினார். 1958 இல் திருச்சூரில் கேரளத்தின் முதற்கடை திறந்தது. பரிமாறுகிறவரே அங்கே பங்காளி.

அதற்கு முந்தைய ஆண்டு, 1957 இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு உணவுவிடுதியின் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. யார் கையால் காப்பி, யார் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி என்பதெல்லாம் தமிழர் வரலாற்றில் சிறிய கேள்விகளாக இருந்ததே இல்லை. தம்பானூரின் சாய்தளத்தில் யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம். வீட்டுக்குள் அந்தச் சாய்தளம் இன்னும் எட்டவில்லை என்பதே என் குறை.

ஒரு நண்பர் கேட்டார்: "இவ்வளவும் ஒரு குவளைக் குளிர்காப்பிக்கா?" ஆம், குவளைக்குத்தான். நம் மன்றத்தின் அடுத்த கூட்டம் பங்குனி வெயிலில் வருகிறது. சென்ற முறை புட்டியில் அடைத்த குளிர்காப்பியும் பொட்டலக் குக்கியும் வாங்கினோம். கூட்டம் முடிந்தபின் குப்பையைப் பெருக்கியவர்கள் மாணவியர். இம்முறை முதல்நாள் இரவே ஆண் விடுதி மாணவர்கள் டிக்காஷன் இறக்கிக் குளிரவைக்கட்டும். நான்கு பெரிய வடிகட்டிகள் இருந்தால் போதும், சாலையில் வாடகைக்குக் கிடைக்கும். உப்புப் பிஸ்கோத்துக்கு நான் போர்மாவில் சொல்லிவைக்கிறேன். மக்ரூனைத் தூத்துக்குடி நண்பர் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். காற்றுப்புகாத டப்பாவில் கொண்டுவர வேண்டும், கூட்டம் தொடங்குமுன் திறக்கக் கூடாது. எவர்சில்வர் குவளைகள் விடுதியில் உள்ளன. கழுவுவோர் பட்டியலைச் செயலாளர் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார். அதில் முதல் ஐந்து பெயர்களும் ஆண்களுடையவை.